அபிராமபுரத்திலிருந்து பாம்பன் வரை

மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் இடையே அமைந்த அமைதியான குடியிருப்புப் பகுதி அபிராமபுரம். அருகே சி.பி. இராமசாமி சாலை மேம்பாலம். பக்கிங்காம் கால்வாயையொட்டித் தூண்களின்மீது விரையும் பறக்கும் ரயில். தெற்கே சென்றால் அடையாற்றின் குறுக்கே திரு.வி.க. பாலம். இங்கு வாழ்வோர் நாள்தோறும் ஏதேனும் ஒரு பாலத்தை நம்பியே பள்ளிக்கும் பணிக்கும் செல்கின்றனர். அந்தப் பாலம் நலமாக உள்ளதா என்று எவரும் கேட்பதில்லை.

கேட்டவர்களும் உண்டு. ஆற்றைக் கடந்தால் சிறிது தொலைவிலேயே உள்ள ஐ.ஐ.டி.யின் வல்லுநர்கள், 500 கிலோமீட்டருக்கும் அப்பால் கடலில் நின்ற பழைய பாம்பன் பாலத்தில் உணர்கருவிகளைப் பொருத்தினார்கள்.

1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த ரயில் பாலத்தின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கப்பல்களுக்கு வழிவிட அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலெழுந்து வந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியை நெருங்கிய ரயில் பயணிகளோடு கடலில் மூழ்கியது. பாலமும் பெருஞ்சேதமுற்றது. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அது சீரமைக்கப்பட்டது. எனினும், உப்புக்காற்று இரும்பை அரிப்பது நிற்கவில்லை.

துருவேறிய இரும்பின் உட்பலத்தைக் கண்ணால் மட்டும் அளந்துவிட முடியாது. உத்தரத்தில் ஒட்டப்படும் மெல்லிய உலோகத் தகடு, ரயில் செல்கையில் உத்தரத்தோடு சேர்ந்து நுண்ணளவில் நீளும். அப்போது அதன் மின்தடை மாறும். அம்மாற்றமே பாலம் தாங்கும் சுமையின் கணக்கைச் சொல்லிவிடும். வேறு கருவிகள் அதிர்வையும் சாய்வையும் அளக்கின்றன. வழக்கமான அளவு மீறப்பட்டால் எச்சரிக்கை வரும்.

2022 டிசம்பரில் அத்தகைய எச்சரிக்கை வந்தது. ரயில்கள் நிறுத்தப்பட்டன. இராமேசுவரம் செல்வோர் மண்டபத்தில் இறங்கிச் சாலை வழியே செல்ல வேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த சிரமம் அது. ஆனால், அந்தப் பாலத்தில் ஓர் உயிரும் பலியாகவில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று அருகிலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் 72.5 மீட்டர் நீள நடுப்பகுதி பிளவுபடாமல் நேராக மேலெழுகிறது.

நம் ஊரில் ஏதேனும் ஒரு பாலம் பழுதுபார்ப்பதற்காக மூடப்படும்போது, சுற்றுவழி செல்ல நேர்ந்ததே என்று சலித்துக்கொள்கிறோம். வீடு திரும்பும் பிள்ளைகளுக்காக வாசலில் காத்திருக்கும் தாய்மார்களைக் கேட்டால், அரைமணித் தாமதம் ஒரு பொருட்டே அல்ல என்பார்கள்.