தன் கையே தனக்குதவி

சென்னை மாநகரில் வானொலி முதன்முதல் ஒலித்தது 1924-ஆம் ஆண்டிலாம். அதனை ஒலிக்கச் செய்தது அரசாங்கமன்று. ஆர்வலர் சிலர் கூடி நிறுவிய சென்னை மாகாண ரேடியோ கிளப்பே. 'தன் கையே தனக்குதவி' என்னும் பழமொழிக்கு அஃதொரு சான்று. நூறாண்டு கடந்த இந்நாளில் இராயபுரத்து எம் சிற்றில்லத்திலும் அம்மொழியின் உண்மையை உணர்ந்தோம்.

தமையனார் எமக்கு வாங்கித் தந்த பழைய மடிக்கணினியில் வைஃபை அட்டை இல்லை. முன்னர் உடையவர் கழற்றிக்கொண்டனர் போலும். கல்லூரியில் கம்பியில்லா இணைப்பு உண்டு. எம் கணினிக்கோ அதனைப் பற்றும் ஆற்றல் இல்லை. இல்லத்துக் கைப்பேசி ஒன்றே; அதனையும் தந்தையார் இரவில் காசிமேட்டுத் துறைக்கு எடுத்துச் செல்வார். 1998 முதல் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவரும் மதுரைத் திட்டத்தில் சங்கத் தொகை நூல்கள் இருந்தும், தேர்வு நெருங்கும் வேளையில் அவற்றைப் பயில வழியின்றி வருந்தினோம்.

கடையொன்றில் அட்டை பொருத்த 1,500 ரூபாய் கேட்டனர். விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்ப்பவராகிய தந்தையார், "மனிதன் பூட்டியதை மனிதன் கழற்றலாம்" என்றார். ரிச்சி தெருவில் பழைய அட்டையொன்றை 400 ரூபாய்க்கு வாங்கினோம்.

வாங்குமுன் அறியத்தக்கன சில உள. அட்டை கணினியிலுள்ள செருகுவாய்க்கு ஒத்திருத்தல் வேண்டும். சில அட்டைகள் குறித்த சில இன்டெல் செயலிகளோடு மட்டுமே இயங்கும். சில கணினிகளின் பயாஸ் தான் அறியாத அட்டையை ஏற்பதில்லை.

மின்னிணைப்பை நீக்கி, அடிமூடியைத் திறந்து, பேட்டரியின் இணைப்பையும் கழற்றினோம். திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே தாளின்மேல் வைக்குமாறு தந்தையார் பணித்தார். உள்ளே கண்டது வியப்பளித்தது. திரையைச் சூழ்ந்த ஆன்டெனாக்களின் கருப்பு, வெள்ளைக் கம்பிகள் இரண்டும் கீல்வழி இறங்கி, வெற்றிடத்தருகே காத்துக் கிடந்தன! குறைவாயிருந்தது 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் உள்ள சிறு அட்டையே. அதனைச் சாய்வாகச் செருகி, படிய வைத்துத் திருகாணியிட்டு, கம்பிகளின் நுண்முனைகளை நேர்மேலிருந்து மெல்ல அழுத்தினோம், 'டிக்'கென அமர்ந்தன.

மறுநாள் கல்லூரியின் இணைப்பு எம் திரையில் தோன்றிற்று. அன்று மாலை குறுந்தொகை எம்மோடு இல்லம் வந்தது.

மாணவ நண்பர்காள்! துறைமுகத்திலும், திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்சாலைகளிலும் உழைப்போரின் மக்கள் நம்முள் பலர். பெற்றோரின் கைத்திறனைக் கல்விக்குப் புறம்பென்று கருதுவாரும் நம்மிடையே உளர். குறுந்தொகையை எம் இல்லம் சேர்ப்பித்தது அக்கைத்திறனே அன்றோ? நூலறிவும் கையறிவும் ஒன்றற்கொன்று துணையாதலை உணர்வோமாக.