ஒரே மலைக்கு ஆறாவது முறை

“இமயம் இவ்வளவு பெரிதாக இருக்க, ஏன் திரும்பத் திரும்ப முன்சியாரிக்கே போகிறீர்கள்?” துறை நண்பர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இது. நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய விடை என்னிடம் இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முன்சியாரி உத்தராகண்டின் பித்தோராகர் மாவட்டத்தில், ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூர். தில்லியில் இரவு ரயிலேறிக் காட்கோதாமில் இறங்கினால், அங்கிருந்து ஷேர் ஜீப்புகளில் ஒரு முழுப் பகல் பயணம். காலாமுனி உச்சியைக் கடந்து இறங்கும்போது பஞ்சசூலியின் ஐந்து சிகரங்களும் எதிரே எழுந்து நிற்கும். முதல் முறை என்னை ஈர்த்தது அந்தக் காட்சிதான். ஆனால் காட்சிக்காக மட்டும் ஒருவர் ஓரிடத்துக்கு ஆறு முறை போவதில்லை.

முன்சியாரிக்கு வடக்கே, கோரி கங்கை இறங்கிவரும் பள்ளத்தாக்கின் பெயர் ஜோஹார். அங்கே வாழும் ஷௌக்கா மக்கள் பல தலைமுறைகளாகத் திபெத்துடன் வணிகம் செய்தவர்கள். கீழிருந்து தானியத்தையும் துணியையும் ஆடுகளின் முதுகில் ஏற்றிச் சென்றார்கள். உயர்ந்த கணவாய்களைக் கடந்து, உப்பும் கம்பளியும் வெண்காரமும் கொண்டு திரும்பினார்கள். 1962 போரோடு அந்தக் கணவாய்கள் அடைபட்டன. ஒரு சமூகத்தின் தொழில் ஏறத்தாழ ஒரே பருவத்தில் முடிந்துபோயிற்று.

அப்பள்ளத்தாக்கின் மேல்கோடியில் இருக்கிறது மிலம். நைன் சிங் ராவத் அவ்வூரைச் சேர்ந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்ததால் ‘பண்டிதர்’ எனப்பட்டார். 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவைப் பணி, அறுபது ஆண்டுகளில் இமயத்தை எட்டியிருந்தது. திபெத்தோ வெள்ளையருக்கு மூடிய நாடு. எனவே நைன் சிங்கை அனுப்பினார்கள். 108 மணிகளுக்குப் பதிலாக 100 மணிகள் கோத்த செபமாலை, நூறு அடிக்கு ஒரு மணி எனத் தள்ளி, தூரத்தைக் கணக்கிட்டபடியே 1866இல் அவர் லாசாவை அடைந்தார். நீர் கொதிக்கும் வெப்பநிலையைக் கொண்டு அந்நகரின் உயரத்தையும் கணித்தார். 1877இல் லண்டன் ராயல் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கிற்று.

ஆவணக் காப்பகத்தில் அமர்ந்து இவ்வளவையும் படித்துவிடலாம். படிக்க முடியாத ஒன்று உண்டு. ஷௌக்கா குடும்பங்கள் இன்றும் கோடையில் மேலூர்களுக்கு ஏறி, குளிருக்கு முன் இறங்குகின்றன. நவம்பரில் மிலத்தைப் பார்ப்பவர் சரிந்த சுவர்களைக் கண்டு ‘கைவிடப்பட்ட ஊர்’ என்று எழுதுவார். ஜூலையில் வருபவர் அதே ஊரில் அடுப்புப் புகையையும் உருளைக்கிழங்குப் பாத்தியையும், தாளிப்புக்காக வளர்க்கும் ஜம்பு பூண்டையும் பார்த்து ‘உயிர்ப்புள்ள ஊர்’ என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவருமே ஒரு முறைதான் வந்தவர்கள். எத்தனை வீடுகள் திறந்தன, சென்ற ஆண்டு திறந்த எவ்வீடு இவ்வாண்டு பூட்டியிருக்கிறது என்பதைத் திரும்பி வருபவர்தான் அறிய முடியும். திரும்பிச் செல்வதையே வாழ்க்கை முறையாகக் கொண்ட மக்களைப் புரிந்துகொள்ள, நாமும் திரும்பிச் செல்வதன்றி வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நான் முன்சியாரியில் தங்கும் வீட்டில் ஒரு மூதாட்டி இருக்கிறார். குமாவோனியில் பாட்டியை ‘ஆமா’ என்பார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன். தமிழ்க் காதுக்கு, கூப்பிடும்போதே சம்மதம் சொல்வது போல ஒலிக்கும். மர்தோலியில் அவருக்கு ஒரு கல்வீடு உண்டு. ஆண்டுதோறும் ஜூனில் அங்கே ஏறிவிடுவார். இவ்வாண்டு முழங்கால் இடம் தரவில்லை. ஹல்துவானியில் வேலை பார்க்கும் மகன்களுக்கும் விடுப்பு இல்லை. “நீ மேலே போகிறாய் அல்லவா, கூரை நிற்கிறதா என்று பார்த்து வா” என்றார்.

மூன்று நாள் நடந்து மர்தோலியை அடைந்தேன். கூரைப் பலகைக்கற்களில் இரண்டு நழுவியிருந்தன. உத்தரம் உறுதியாக இருந்தது. பூட்டு துருவேறியும் அசையவில்லை. திரும்பி வந்து இவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆமா கூரையைப் பற்றி மேலும் எதுவும் கேட்கவில்லை. “எத்தனை கதவுகள் திறந்திருந்தன?” என்று மட்டும் கேட்டார். எண்ணி வந்ததைச் சொன்னேன். அவர் விரல்விட்டு வீட்டுக்காரர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். விரல்கள் நின்ற பிறகும் சில பெயர்கள் மிஞ்சின. அவற்றை அவர் உரக்கச் சொல்லவில்லை.

ஆறு ஆண்டுகளின் குறிப்பேடுகளில் நான் சேர்த்த எந்தத் தரவும் அந்தக் கணக்குக்கு ஈடாகாது. அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டதற்குக் காரணம், சென்ற ஆண்டும் நான் அங்கே இருந்தேன் என்பதுதான்.

நழுவிய கற்களை ஏற்றிவைக்க, மேலே இருக்கும் உறவினர் ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். வரும் ஜூனில் ஏறியே தீருவேன் என்கிறார். முழங்கால் என்ன சொல்லுமோ தெரியாது. நான் போகிறேன். உடன் வர விரும்பும் மாணவர்கள் எழுதலாம். அதற்கடுத்த ஆண்டும் வருவதாக இருந்தால் மட்டும்.