சத்தமில்லாத பக்கங்கள்

மறைந்து போக இரும்புக்கை மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் போதும். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் அவர் வந்த நாள் முதல், அந்தரத்தில் தெரியும் ஒற்றைக் கையை வைத்தே முழு ஆளையும் நாம் மனதில் வரைந்துகொண்டோம். நான் இப்போது வரையும் ராணுவக் காமிக்ஸ் இதழின் நாயகர்களுக்கு அந்த வசதி இல்லை. பிலிப்பைன்ஸில் ஜப்பானியப் படையின் கபனத்துவான் போர்க்கைதி முகாம், 1945 ஜனவரி 30. கைதிகளை மீட்க வந்த லெப்டினன்ட் கர்னல் ஹென்றி முச்சியின் அமெரிக்க ரேஞ்சர்கள், பொழுது சாயும் நேரத்தில், மறைவில்லாத வெட்டவெளியில் வயிற்றால் ஊர்ந்தே வேலியை நெருங்க வேண்டும்.

இந்த ஊர்தலை வரைய வழி எங்கள் விக்கிரமங்கலத்து வயலில்தான் கிடைத்தது. சம்பா அறுத்த நிலத்தில் குப்புறப் படுத்துப் பாருங்கள். நிற்கும்போது செருப்புக்கடியில் நெரியும் அறுப்புத்தாள் கண்ணெதிரே மூங்கில் புதர்போல எழும். எட்டத்து வரப்பு வானத்தில் பாதியை மறைத்துவிடும். ஊர்கிற பக்கங்கள் முழுக்கக் கண்மட்டத்தைத் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் ஏற்றவில்லை. காவல்கோபுரம் தானாகவே உயர்ந்து நின்றது.

பக்கத்துக்கு இரண்டு, மூன்று கட்டங்கள்தான். 1961 முதல் வரும் பிரிட்டனின் கமாண்டோ காமிக்ஸ் இதழ்களின் அந்த அளவு இந்தக் கதைக்குப் பொருந்துகிறது. பின்னணி மாறாது, ஊர்பவனின் முழங்கை மட்டும் ஒரு விரற்கடை முன்னே போயிருக்கும். வாசகர் கண் நின்று தேட வேண்டும். அவர் தேடும் நேரமே அவன் ஊரும் நேரம்.

‘டுமீல்’, ‘படார்’ என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே அவற்றைப் பூட்டிவைக்க வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு சத்தத்துக்கு வரலாறு இடம் தருகிறது: காவலர்களின் பார்வையை மேலே இழுக்க, முகாமின் மீது தாழப் பறந்த பி-61 விமானம். விமானி வேண்டுமென்றே ஓர் இன்ஜினை அணைத்துப் பழுதானதுபோல் காட்டினார். என் கட்டத்தின் மேல்பாதியில் தடித்த ‘ட்ர்ர்ர்’ ஓடிவந்து பாதியில் அறுகிறது. காவலர்கள் அண்ணாந்து நிற்க, கீழே முதுகுகள் நகர்கின்றன. கருக்கலுக்கு நிப் உதவாது, பிரஷ்தான். இந்தியன் இங்க்கைச் சற்று உலரவிட்டு இழுத்தால் விளிம்பு சொரசொரத்து, மனிதன் எது மண் எது என்று தெரியாமல் கலக்கிறது.

சண்டை சுமார் அரை மணி நேரத்தில் முடிந்தது. அதற்கு அதிகப் பக்கம் தர எனக்கு மனமில்லை. 500-க்கும் மேற்பட்ட கைதிகள். பட்டினியாலும் நோயாலும் பலர் நடக்கவே முடியாதவர்கள். மீட்க வந்தவர்களை நம்பாமல் ஒளிந்துகொண்டவர்களும் உண்டு. முதுகில் சுமந்து ஆற்றங்கரை சேர்த்து, அங்கிருந்து எருமை வண்டிகளில் விடிய விடியப் பயணம். வண்டி ஓட்டியவர்கள் ஊர் விவசாயிகள். காபு பாலத்தில் ஜப்பானியப் படையைத் தடுத்து நிறுத்தியவர்கள் ஹுவான் பஹோட்டாவின் பிலிப்பினோ கெரில்லாக்கள். வழியிலுள்ள ஊர்களில் நாய்களின் வாயைக் கட்டவும் கோழிகளை அடைக்கவும் சொல்லிவைத்தவரும் அவரே. இந்த மனிதர்கள் இல்லாமல் மீட்பே இல்லை. மிச்சப் பக்கங்கள் எல்லாம் அவர்களுக்குத்தான். பாரம் ஏறியதும் நுகத்தடியில் எருமை கழுத்தை எப்படித் தாழ்த்தும் என்று, வண்டி ஓட்டிப் பழகிய ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு வரைந்துகொண்டிருக்கிறேன்.