நான் நம்ப மறுத்த வலி

புற்றுநோய் வார்டில் வேலை பார்த்த காலத்தில், நோயாளிகளுக்குச் சேர வேண்டிய மார்ஃபினை வேண்டுமென்றே தாமதப்படுத்தியிருக்கிறேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்று மருத்துவர் எழுதியிருப்பார். நோயாளி முனகாமல் படுத்திருந்தால், இப்போது தேவையில்லை என்று நானே முடிவு கட்டி மாத்திரையைத் திரும்ப அலமாரியில் வைத்துப் பூட்டுவேன்.

எலும்புவரை நோய் பரவிய ஓர் அம்மா கடிகாரத்தைப் பார்த்து, "நேரமாச்சா சிஸ்டர்?" என்று கேட்பார். "இவங்க மருந்துக்கு அடிமையாயிட்டாங்க" என்று உடனிருந்த செவிலியரிடம் சொன்னேன். அது அவர் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. கேஸ் ஷீட்டில் "வலி இல்லை" என்று எழுதினேன். அது பொய்.

மார்ஃபின் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு வலிச் செய்தியைத் தணிக்கிறது. சாதாரண மாத்திரையின் பலன் நாலு மணி நேரத்தில் வடிந்துவிடும். அதற்குள் அடுத்தது தராவிட்டால் வலி திரும்பிவிடும். புற்றுநோய் வலிக்கு நேரம் தவறாமல் மருந்து தரச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 1986லேயே வழிகாட்டியிருந்தது. வலி திரும்பியதால்தான் அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். உடல் மருந்துக்குப் பழகுவது வேறு, போதைக்கு ஏங்குவது வேறு. இந்த வேறுபாட்டைப் பாடமாகப் படித்திருந்தும் அவரைச் சந்தேகித்தேன்.

மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்தேன். அந்த ஆபத்து உண்மைதான். அதற்காகச் செய்ய வேண்டியதையோ நான் செய்யவில்லை. மூச்சு தளருமுன் பெரும்பாலும் மயக்கம் கூடும். கூப்பிட்டால் விழிக்கிறாரா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா, தூக்க மாத்திரையும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். மார்ஃபினின் விளைவை முறிக்கும் நலாக்சோன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று உறுதிசெய்திருக்க வேண்டும். மார்ஃபினால் வரும் மலச்சிக்கலுக்கும் முதல் நாளே மருந்து கேட்டிருக்க வேண்டும். நானோ மாத்திரைகளை எண்ணினேன், மூச்சை எண்ணவில்லை.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மருத்துவமனைகளை அச்சுறுத்தியது, 2014இல்தான் மருத்துவப் பயன்பாட்டை எளிதாக்கும் திருத்தம் வந்தது என்றெல்லாம் காரணம் சொல்லலாம். ஆனால் மருந்து என் வார்டில் இருந்தது, மருத்துவரின் உத்தரவும் இருந்தது, சாவி என்னிடம் இருந்தது. தடுத்தது நான்தான்.

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கும் முன்பே அவர் இறந்துவிட்டார். இப்போது புதிதாக வரும் செவிலியரிடம் இதை மறைக்காமல் சொல்கிறேன்: மருந்தைத் தள்ளிப்போட வேண்டுமானால் மயக்கத்தையும் மூச்சையும் பார்த்து, மருத்துவரிடம் கேட்டுத் தள்ளிப்போடுங்கள். நோயாளி எப்படிப்பட்டவர் என்று தீர்ப்புச் சொல்லித் தள்ளிப்போடாதீர்கள். எவ்வளவு வலிக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.