கப்பலுக்கு முன் ஒரு வள்ளம்

இறக்கக்கண்டிப் பாலத்தின் நடுவில் நின்றால் ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். திருகோணமலையிலிருந்து நிலாவெளியைத் தாண்டிப் புல்மோட்டைக்குப் போகும் வீதி இந்தப் பாலத்தின் மேலாகத்தான் போகிறது. எங்கள் பகுதிக்கு வரும் உல்லாசப் பயணிகள் பெரும்பாலும் நிலாவெளியோடு நின்றுவிடுவார்கள். அதைத் தாண்டி வருகிறவர்களுக்கு இந்தப் பாலமும், களப்பில் இறால் வலை வீசுகிறவர்களும், பின்னேரக் காற்றும் கிடைக்கும். இந்தக் கடலைப் பார்த்தபடிதான் நானும் தங்கச்சியும் வளர்ந்தோம். 2004 மார்கழி 26இல் அது ஊருக்குள் வந்தபோதும் நாங்கள் கடலை வெறுத்ததில்லை.

கடந்த ஆடி மாதம் தங்கச்சி கனடாவிலிருந்து பிள்ளைகள் இரண்டு பேரோடும் வந்து மூன்று கிழமை எங்கள் வீட்டில் நின்றாள். மூத்தவன் இருபதைத் தாண்டியவன், படித்துக்கொண்டே ஒரு கடையில் வேலையும் செய்கிறான். சின்னவளுக்குப் பத்து வயது, பிறந்ததே ரொறன்ரோவில். வந்த இரண்டாம் நாளே என் பெறாமகன் திண்ணையில் ஒரு கொப்பியை விரித்து வைத்துக்கொண்டான்.

“பெரியம்மா, இது அம்மாவுக்கு என்ர பரிசு. வாற மார்ச்சில நாங்கள் எல்லாரும் கப்பலில போறம்.”

ஒன்ராறியோவில் மார்ச் நடுவில் பாடசாலைகளுக்கு ஒரு கிழமை விடுமுறை. பனி முற்றாக விடாத காலம். வசதியும் விருப்பமும் உள்ள குடும்பங்கள் அந்தக் கிழமையில் வெயிலைத் தேடிப் புளோரிடாவுக்குப் போகும். அங்கே ஒர்லாண்டோ நகருக்குப் பக்கத்தில் 1971இல் திறந்த டிஸ்னி வேர்ல்ட் இருக்கிறது. ஒன்றல்ல, நான்கு பெரிய பூங்காக்கள். அங்கிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் கனாவரல் துறைமுகம். உல்லாசக் கப்பல்கள் அங்கிருந்து பஹாமாஸ் தீவுகளுக்குப் போய் வருகின்றன. அதனால்தான் பூங்காவையும் கப்பலையும் ஒரே பயணத்தில் சேர்க்கிறார்கள்.

பிள்ளை போட்ட கணக்கைப் பார்த்து அசந்துபோனேன். முதலில் மூன்று நாள் பூங்கா, பிறகு நாலு நாள் கப்பல். ஏன் அப்படி என்று கேட்டேன். பனிப்புயலால் விமானம் பிந்தினால் பூங்கா காத்திருக்கும், கப்பல் காத்திராது என்றான். பூங்காவில் நடந்து உளைந்த கால்களுக்குக் கப்பலில் ஓய்வு கிடைக்குமாம். எல்லாப் பள்ளிக்கூடமும் பூட்டும் கிழமை என்பதால் விலை ஏறும், ஆகவே பல மாதம் முந்தியே முற்பணம் கட்டிவிட்டான். கப்பல் கட்டணத்தில் அறையும் சாப்பாடும் அடங்கும். பணியாளருக்கான அன்பளிப்பு, சில குடிவகைகள், தீவுகளில் இறங்கிச் சுற்றுவது எல்லாம் வேறு. அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தான். ஒரு வீட்டை நிர்வகித்த பெண்ணைப்போல அவ்வளவு கவனம்.

அன்றிரவு குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது தங்கச்சி சொன்னாள்: “அக்கா, நான் ஏறமாட்டன்.”

ஏனென்று நான் கேட்கவில்லை.

தோழிகளே, எங்களில் பலருக்குக் கப்பல் என்ற சொல் உல்லாசத்தை நினைவூட்டுவதில்லை. 2006 ஆவணியில் ஏ-9 பாதை மூடப்பட்ட பிறகு, யாழ்ப்பாணத்துச் சனம் ஒரு இடம் கிடைக்காதா என்று காத்திருந்து திருகோணமலைக்கு வந்ததும் கப்பலில்தான். தங்கச்சி வன்னியில் கலியாணம் செய்தவள். மனுசன் முன்னரே வெளிநாடு போய்விட்டார். 2009 மாசியில் அவள் நாலு வயது மகனோடு புதுமாத்தளனில் இருந்தாள். ஷெல் துண்டு பிள்ளையின் தொடையைக் கிழித்திருந்தது. காயக்காரரை ஏற்றிவர சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் ‘கிறீன் ஓசன்’ என்ற கப்பலை அனுப்பியது. முதற் பயணம் மாசி 10ஆம் திகதி. அந்தக் கரையில் இறங்குதுறை இல்லை. சின்ன வள்ளங்களில் காயக்காரரைக் கொண்டுபோய்க் கடலில் வைத்துக் கப்பலுக்கு மாற்றினார்கள். வைகாசி முற்பகுதிவரை நடந்த அந்தப் பயணங்களில் காயக்காரரும் கூட வந்தவர்களுமாகப் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். தொடக்கத்தில் திருகோணமலைக்கும், பிறகு இந்திய மருத்துவக் குழு வந்திருந்த புல்மோட்டைக்கும் கொண்டுவந்தார்கள்.

தங்கச்சி வந்தது ஒரு மாசி நாளில். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இரண்டாம் நாள்தான் அவளைக் காண முடிந்தது. அவள் சொன்ன முதல் வார்த்தை, “பக்கத்தில படுத்திருந்த பிள்ளை வழியில முடிஞ்சுது அக்கா.” அதற்குப் பிறகு அந்தக் கப்பலைப் பற்றி அவள் பேசியதே இல்லை. மகனுக்குத் தொடையில் தழும்பு இருப்பதும், அது ஷெல் காயம் என்பதும் தெரியும். அவனைக் காப்பாற்றிக் கொண்டுவந்தது ஒரு கப்பல் என்பது தெரியாது.

“அவனிட்டச் சொல்லன்” என்றேன். “சொன்னா முற்பணத்தை விட்டிட்டு வேண்டாம் எண்டிடுவான். பாவம், உழைச்ச காசு.”

அப்போதுதான் புறாமலைக்குப் போய்வரலாம் என்று சொன்னேன். பெரிய கடலுக்கு முன் சின்னக் கடலை ஒருக்கால் பார்க்கட்டுமே என்று நினைத்தேன்.

புறாமலை நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் உள்ள இரண்டு சின்னத் தீவுகள். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. மாடப்புறாக்கள் தங்குவதால் அந்தப் பெயர். சித்திரையிலிருந்து புரட்டாதிவரை போக நல்ல காலம், வாடைக்காற்று நாட்களில் கடல் இடம் தராது. கச்சான் காற்று எழும்புமுன் காலையிலேயே போய்விட வேண்டும். சனி, ஞாயிறு சனநெரிசல், கிழமை நாள் நல்லது. நிலாவெளிக் கரையில் வனசீவராசிகள் திணைக்களத்தாரிடம் அனுமதிச் சீட்டு எடுக்கவேண்டும். எங்களுக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு அதைவிடப் பல மடங்கு. என் பெறாமகன் அதையும் கொப்பியில் எழுதினான். வள்ளத்துக்கான கூலி வேறு, ஏறுமுன்பே பேசிக்கொள்ளுங்கள். தீவில் கடை இல்லை. தண்ணீரும் பழைய செருப்பும் கட்டாயம், கரை முழுதும் உடைந்த பவளத் துண்டுகள் காலைக் கிழிக்கும். உயிருள்ள பவளத்தை மிதிக்கவோ எடுக்கவோ கூடாது.

வள்ளக்காரர் எங்களுக்குத் தெரிந்த நானா. நாலு பேருக்கும் உயிர்காப்பு அங்கி தந்தார். தங்கச்சி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்தன. “பயப்பட வேணாம் தங்கச்சி, இண்டைக்குக் கடல் குளம் மாதிரி” என்றார் நானா. கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை, தீவு வந்துவிட்டது. எனக்கு அது ஒரு பகல்போல இருந்தது.

சின்னவள் கண்ணாடியை மாட்டித் தண்ணீருக்குள் முகத்தை விட்டதும் கத்தினாள், ஆமை ஒன்று கண்டாளாம். இங்கே சின்னச் சுறாக்களும் உண்டு, ஆட்களை ஒன்றும் செய்யாதவை. நான் அவளோடு நின்றேன். தாயும் மகனும் பாறை நிழலில் இருந்தார்கள். தூரத்தில் பார்த்தேன், அவள் கையை நீட்டி வடக்கே காட்டினாள். பிறகு அவன் தன் தொடையைத் தொட்டுப் பார்த்தான். வெகுநேரம் இரண்டு பேரும் எழும்பவில்லை.

திரும்பும்போது அவன் என்னிடம் மெதுவாக, “வேண்டாம் எண்டு சொன்னன் பெரியம்மா. அம்மா விடேல்ல” என்றான். அன்றிரவு அவள் கேள்விமேல் கேள்வி கேட்டாள். கப்பல் எவ்வளவு ஆடும்? அங்கிகள் எங்கே இருக்கும்? இரவில் மேல்தட்டில் இருக்க விடுவார்களா? 2012இல் இத்தாலிக் கரையில் ‘கொஸ்ரா கொன்கோர்டியா’ கவிழ்ந்த பிறகு விதிகளை இறுக்கிவிட்டார்கள், பயணிகளுக்கு ஆபத்துக்காலப் பயிற்சி தந்த பிறகுதான் கப்பல் புறப்படும் என்று அவன் வாசித்துக் காட்டினான். ஜன்னல் இல்லாத உள்ளறைதான் மலிவு என்று அதைத்தான் முதலில் பிடித்திருந்தான். “கடல் தெரியாத அறையில நான் படுக்கமாட்டன்” என்றாள் தாய்.

இடையில் நானும் ஒரு புதினம் சொன்னேன். 2023 ஆனியில் சென்னையிலிருந்து ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டைக்கும் காங்கேசன்துறைக்கும் மட்டுமல்ல, எங்கள் திருகோணமலைக்கும் வந்தது. தங்கச்சி வந்திறங்கிய அதே துறைமுகத்துக்கு ஆட்கள் விடுமுறை கழிக்க வந்தார்கள். அவள் நம்பாமல் இரண்டு தரம் கேட்டாள்.

போன கிழமை தொலைபேசி எடுத்தாள். வெளிப்பக்கம் பார்க்கும் அறைக்கு மாற்றியாயிற்றாம். கூடின காசுக்கு மகன் சனிக்கிழமைகளிலும் வேலைக்குப் போகிறானாம்.

“அப்ப ஏறுவாயோ?” என்று கேட்டேன்.

“சூட்கேஸ் வாங்கியிருக்கிறன் அக்கா” என்றாள். பிறகு, “இண்டைக்கு அங்க கடல் எப்பிடி?” என்று கேட்டாள்.