கையால் கழற்றும் சட்டம்

வீட்டு விளக்கு, மின்விசிறி, மாடித் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் எல்லாவற்றையும் ஒரே திரையில் இயக்கலாம் என்று ஆசைப்பட்டுச் சுவரில் டேப்லெட் மாட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். 2013-இல் வெளிவந்த ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருள் இருந்தால், அலமாரியில் சும்மா கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட்டே இதற்குப் போதும். ஆனால் சுவரைக் கொத்தி, அதை உள்ளே புதைத்து, நான்கு பக்கமும் பூசி மூடுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். அந்தச் சுவர் தலைமுறைக்கும் நிற்கும். டேப்லெட்டின் பேட்டரிக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. லித்தியம் பேட்டரியை எந்நேரமும் முழு சார்ஜிலேயே, அதுவும் சூட்டில் வைத்திருந்தால் உள்ளே வாயு சேர்ந்து உப்பும். விரிய இடமில்லாவிட்டால் திரையைத் தள்ளும். தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

அதனால் நான் செய்யும் சட்டத்துக்கு ஒரே நிபந்தனைதான். ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் கையாலேயே கழற்ற வரவேண்டும்.

இதற்கு நான் நம்புவது சாய்வுக் கட்டையைத்தான். ஒரு தேக்கு ரீப்பரை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வாக அறுத்தால் ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒன்றை, சாய்வு சுவர்ப்பக்கம் இறங்கும்படி ரசமட்டம் வைத்துச் சுவரில் முடுக்க வேண்டும். மற்றதைச் சட்டத்தின் முதுகில் தலைகீழாக ஒட்டித் திருகவேண்டும். மேலிருந்து இறக்கினால் தன் எடையாலேயே சுவரோடு இறுகிக்கொள்ளும், தூக்கினால் வந்துவிடும். பழைய கதவு நிலையில் கழித்த தேக்கு கிடைத்தால் விடாதீர்கள். பல காலம் காய்ந்து அடங்கிய மரம் எளிதில் முறுக்காது. அப்படியும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் கொஞ்சம் உப்பத்தான் செய்யும். டேப்லெட்டைச் சுற்றி ஒன்றரை மில்லிமீட்டர் விட்டுத்தான் உளி வைப்பேன். கட்டையின் கனமே முதுகுக்கும் சுவருக்கும் நடுவே காற்றோட இடம் தரும். சட்டத்தின் மேலும் கீழும் சிறு துளைகள் போட்டால், சூடான காற்று மேலே வெளியேறும். கீழிருந்து புதுக்காற்று ஏறும்.

காந்தம் வைத்து ஒட்டுவது சுலபமாகத் தெரியும். ஆனால் பல டேப்லெட்டுகளில் மடிப்பு உறையை மூடியதும் திரையை அணைக்கும் காந்த உணரி விளிம்போரமாக இருக்கிறது. காந்தம் அதன் அருகே அமைந்துவிட்டால் திரை அணைந்தே கிடக்கும். இரும்புத் தகட்டை முதுகில் கொடுத்தால் வைஃபை மங்கும். இந்த வேலைக்கு மரம்தான் பொருத்தம்.

230 வோல்ட் மின்சாரத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவரவே வேண்டாம். அடாப்டர் வெளியே பிளக்கில் இருக்கட்டும். 5 வோல்ட் யூஎஸ்பி வயர் மட்டும், மெயின் லைன் போகாத தனிப் பைப்பில் வரட்டும். மெல்லிய வயர் நீளமாகப் போனால் வழியிலேயே வோல்டேஜ் குறைந்து சார்ஜ் ஏறாது. தடித்த வயராக, இரண்டு மீட்டருக்குள் முடித்துக்கொள்ளுங்கள். முனையில் வளைந்த பிளக் இருந்தால் சட்டம் அகலாமல் அடங்கும். அடாப்டரை ஒரு ஸ்மார்ட் பிளக்கில் செருகி, சார்ஜ் 30 சதவீதத்துக்கு இறங்கினால் ஏற்றவும் 70 தொட்டால் நிறுத்தவும் ஹோம் அசிஸ்டன்ட்டிலேயே சொல்லிவைக்கலாம். பேட்டரிக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

உயரத்தை அளவு நாடாவிடம் கேட்காதீர்கள். வீட்டில் குள்ளமானவரை நிற்கவைத்து, அவர் கண்ணுக்கு நேராகப் பென்சில் கோடு போடுங்கள். எதிரே ஜன்னல் வேண்டாம், திரை கண்ணாடியாகிவிடும். மேற்கு வெயில் காயும் சுவரும் வேண்டாம்.

மாட்டியபின் மாதம் ஒருமுறை தூக்கிக் கழற்றி, முதுகைத் தடவிப் பாருங்கள். மேடு தட்டுப்பட்டால் அன்றே சார்ஜரைப் பிடுங்கிவிட்டு வேறு டேப்லெட் தேடுங்கள்.