அண்ணாமலை அடிவாரத்துக் கௌதாரிகள்

திருவண்ணாமலைக்குச் செல்பவரின் கண்கள் இயல்பாகவே மேல்நோக்கிச் செல்கின்றன. சுமார் 800 மீட்டர் உயர்ந்து நிற்கும் மலையும், அதன் கீழ் வானளாவும் கோபுரங்களும், கார்த்திகைத் தீபத்தன்று உச்சியில் எரியும் சுடரும் நம்மை அண்ணாந்து பார்க்கவே செய்கின்றன. ஆனால் மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர்ப் பாதையில், நிருதி லிங்கத்தைத் தாண்டியபின் வலப்புறத்து முட்புதர்களின் பக்கம் விடியற்காலையில் சற்றே செவி சாய்த்தால், தரையிலிருந்து எழும் ஒரு குரலைக் கேட்கலாம். இரண்டு மூன்று அசைகளை விடாமல் அடுக்கி, வர வர உரத்துக் கூவும் அக்குரல் கௌதாரியுடையது.

கௌதாரியும் காடையும் காட்டுக்கோழியும் மயிலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மேல்நாட்டார் துப்பாக்கியும் நாயுமாகத் தேடிச் சென்று வேட்டையாடும் ஃபெசன்ட் பறவையும் இக்குடும்பத்ததே. இவற்றுள் மயிலின் பாக்கியமே தனி. 1963-ல் அது தேசியப் பறவையாயிற்று. முருகனின் வாகனம் என்பதால் அதன்மேல் கல்லெறியவும் பலர் அஞ்சுவர். இவ்வூர் இரமணாசிரமத்திற்கு 1947-ல் பரோடா மகாராணியார் ஒரு வெண்மயிலையே வழங்கினார். கௌதாரிக்கு அப்படி வேண்டியவர் எவருமில்லை. அதன் இறைச்சி சுவையானது என்பதே அதற்கு வந்த கேடு.

அதனைப் பிடிக்கும் முறை மிகப் பழமையானது. பழக்கிய கௌதாரி ஒன்றைக் கூண்டில் வைத்துக் கூவச் செய்வர். தன் எல்லைக்குள் அயலான் புகுந்தான் எனச் சினந்து ஓடிவரும் காட்டுப் பறவை, சுற்றிலும் வைத்த கண்ணியில் சிக்கும். இவ்வாறு பழக்கிய உயிரைச் சங்கப் புலவர்கள் 'பார்வை' என்றனர். அதிலிருந்தே இக்கலையின் வயதை அறியலாம். நரிக்குறவர் முதலியோர் கண்ணியையும் வலையையும் நாட்டுத் துப்பாக்கியையும் கொண்டு பிழைத்தனர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உரிமம் பெற்று வேட்டையாடச் சிறிது இடம் விட்டிருந்தது. 1991-ல் வந்த திருத்தம் அதையும் அடைத்தது. சட்டம் தேவையானதே. ஆயினும் வேட்டையை இழந்து, ஊசியும் பாசிமணியும் விற்று வாழ நேர்ந்த மக்கள் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற 2023 வரை காத்திருந்தனர் என்பதை எண்ணும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது. (நம் இல்லங்களில் சமைக்கும் காடை, பண்ணையில் வளர்ந்த ஜப்பானியக் காடை. மறைவாக விற்கப்படும் கௌதாரியோ காட்டில் பிடித்தது; அதனை வாங்குவதும் குற்றமே.)

வேடன் விலகிவிட்டால் மட்டும் பறவை பிழைத்துவிடுமா? இங்கிலாந்தின் வயல்களில் வாழும் சாம்பல்நிறக் கௌதாரியினம், 1960-களுக்குப் பின் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் குறைந்துபோயிற்று. ஆராய்ந்தபோது, துப்பாக்கியைவிடக் களைக்கொல்லி மருந்தே பெருங்காரணம் எனத் தெரிந்தது. களைகள் அழிந்ததும் அவற்றில் வாழ்ந்த பூச்சிகள் அழிந்தன. பிறந்த சில வாரங்கள் பூச்சியையே உண்டு வளர வேண்டிய குஞ்சுகள் பசியால் மடிந்தன. வேட்டைப் பிரியர்கள் பொருளுதவி செய்த ஆய்வு நிலையமே, வயல்களின் நடுவே புல்வரப்புகளை விட்டுவைக்கும்படி உழவர்களுக்குக் கற்பித்தது!

நம் கௌதாரியும் தரையை நம்பிய பறவையே. புதரடியில் சிறு பள்ளம் பறித்து, ஆறு முதல் எட்டு முட்டைகள்வரை இடும். பெரும்பாலும் ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை அடைகாக்கும் காலம். அண்ணாமலையிலோ கோடையில் காய்ந்த புல்லில் அடிக்கடி தீப்பற்றுகிறது. மரத்தில் வாழும் பறவை பறந்து தப்பலாம். தரையிலுள்ள முட்டைக்கு வழியேது? மொட்டையாகிக் கிடந்த இம்மலையில் மீண்டும் மரம் வளர்க்கும் முயற்சி 1980-களிலேயே தொடங்கியது. பின்னர் 'தி ஃபாரஸ்ட் வே' என்னும் அறக்கட்டளையும் இப்பணியில் இறங்கியது. மரக்கன்று நடுவதோடு, புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புப் பாதைகளும் அமைக்கிறார்கள். கௌதாரிக்கு இவ்விரண்டில் பின்னதே பேருதவி என்பது என் எண்ணம்.

மலைக்கு அப்பால் சமவெளியில் நிலைமை வேறு. சூரைமுள்ளும் ஆவாரையும் புல்லும் மண்டிய நிலத்தை நாம் 'தரிசு' என்கிறோம். பயனற்றது என்று அதற்குப் பொருள் கொள்கிறோம். கௌதாரிக்குக் கூடும் களஞ்சியமும் அந்நிலமே. இரவில் உறங்குவதற்கும் அங்குள்ள முள்மரக் கிளையையே அது நாடுகிறது. நகரைச் சுற்றி அத்தகைய நிலங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. இன்னும் வீடு எழும்பாத இடங்களில், அளந்து நட்ட மனைக்கல்லின்மேல் ஏறி நின்று கௌதாரி கூவுவதைக் காலை வேளையில் காணலாம்.